கொதிக்காத கழனி: 2001-ல் பிரிட்டனின் பன்றித்தீனி விதி கோட்டை விட்ட இடம்

எதைப் பற்றிய ஆய்வு இது

ஓட்டல் மிச்சத்தைப் பன்றிக்குப் போடலாம். ஆனால் அதற்கு முன் 100 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு மணி நேரம் கொதிக்க வைத்திருக்க வேண்டும். 1973 முதல் 2001 வரை பிரிட்டனில் இருந்த விதியின் சாரம் இவ்வளவுதான். அந்தச் சூட்டில் எந்தக் கால்நடை வைரஸும் தப்பாது. அறிவியல்படி விதியில் ஓட்டை இல்லை.

அப்படியிருந்தும் 2001-ல் அந்த நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. கிராமப்புறத்தையே முடக்கிப் போட்ட அந்தக் கோமாரிக் கொள்ளைநோய் ஒரு பன்றிப் பண்ணையின் தீனித்தொட்டியில் தொடங்கியது என்பதுதான் அரசு விசாரணைகள் வந்து சேர்ந்த முடிவு. சரியான விதி இருந்தும் எங்கே சறுக்கியது என்பதை வரிசையாகப் பார்ப்பதே இந்தக் குறிப்பின் வேலை.

இதில் மூன்று பேர் திரும்பத் திரும்ப வருவார்கள்: பண்ணைக்காரர், அந்தப் பண்ணையை ஆய்வு செய்த அரசு கால்நடை மருத்துவர், நோயை முதலில் கண்ட இறைச்சிக்கூட மருத்துவர். மூவரும் நிஜ மனிதர்கள். ஆனால் யார் என்பதைவிட யார் என்ன வேலையில் இருந்தார் என்பதுதான் இங்கே முக்கியம். அதனால் பெயர்களை விட்டிருக்கிறேன்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் சோறு, குழம்பு மிச்சம், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்ந்த கலவையை நாம் கழனித் தண்ணி என்போம். இந்தக் கதையில் வரும் ஓட்டல், பள்ளிக்கூடச் சமையலறை மிச்சத்துக்கும் கழனி என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். அப்புறம் கோமாரி: நோயின் பெயரிலேயே பசு உட்கார்ந்திருக்கிறது, பன்றிக்கு இடமில்லை. பன்றிக்கும் கோமாரி வரும் என்றால் இன்றைக்கும் நம்மில் பலர் ஆச்சரியப்படுவார்கள். பன்றிக்கு வரும் என்பது மட்டுமில்லை, மாட்டைவிடப் பல மடங்கு வைரஸை மூச்சுக் காற்றிலேயே வெளியே விடும் பிராணியும் அதுதான்.

பின்னணி

1967 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பன்றியிடம் கோமாரி தெரிந்தது. அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை அது ஓயவில்லை. கொல்லப்பட்ட கால்நடைகள் 4 லட்சத்துக்கு மேல். அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஆட்டிறைச்சி மேல் சந்தேகம் விழுந்தது. கோமாரி உள்ள நாடுகளிலிருந்து எலும்போடு இறைச்சி இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது அதன் பிறகுதான்.

எலும்பு ஏன் என்றால், அறுத்த பிறகு தசையில் அமிலத்தன்மை ஏறும். கோமாரி வைரஸ் அந்த அமிலத்தில் செத்துவிடும். எலும்பு மஜ்ஜைக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் அந்த அமிலம் போவதில்லை. குளிரூட்டிய இறைச்சியில் வைரஸ் அங்கே ஒளிந்துகொண்டு வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். சாப்பிட்டவர் எலும்பைத் தட்டில் ஒதுக்குவார், தட்டு கழனி வாளிக்குப் போகும், வாளி பன்றிக்குப் போகும். நோய்க்கு இதைவிட நேர்வழி கிடையாது.

1972 டிசம்பரில் இன்னொரு நோய் வந்தது. பன்றிக் கொப்புள நோய். பார்க்க அப்படியே கோமாரி மாதிரி இருக்கும், லேப் சோதனை இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. அதுவும் கழனி வழியாகப் பரவுவது தெரிந்ததும்தான் 1973-ல் கொதிக்க வைக்கும் ஆணை கட்டாயமானது. கழனியைப் பதப்படுத்துகிறவருக்கு உரிமம் வேண்டும், பச்சைக் கழனியும் கொதித்த கழனியும் ஒன்றோடொன்று கலக்காத ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள். போதாததற்கு 1975-ல் இன்னொரு ஆணை: ஒரு பண்ணைக்குப் புதிதாகப் பன்றி வந்தால் அங்கிருந்து 21 நாள் வேறு பன்றி வெளியே போகக் கூடாது, நேராக இறைச்சிக்கூடத்துக்குப் போவதைத் தவிர. செம்மறிக்கோ மாட்டுக்கோ இப்படி ஒரு தடை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2001-க்கு வரும்போது கழனி தின்னும் பன்றிகள் அந்நாட்டில் நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. பெரிய பண்ணைகளெல்லாம் தானியத்தீனிக்கு மாறியிருந்தன. எஞ்சியிருந்தவை சிறியவை, பழையவை, லாபம் குறைந்தவை. பெருந்தொற்று எதுவும் வராமல் முப்பது வருடங்களுக்கு மேல் ஓடியிருந்தது. இடையில் 1981-ல் வைட் தீவில் தலைகாட்டியதும் உடனே அடங்கிவிட்டது. அரசுக் கால்நடைத் துறையும் சுருங்கியிருந்தது.

வெளியே நிலைமை வேறு. 1990-ல் வட இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஓ வகைக் கோமாரியின் ஒரு கிளை, 'பான்-ஏசியா' என்ற பெயரில் பத்தே ஆண்டில் கண்டம் தாண்டிக்கொண்டிருந்தது. 2000-ல் ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் குவாஸூலு-நடாலில் தெரிந்தது. அங்கே டர்பன் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றின் சமையலறை மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் பன்றிகளுக்குப் போட்டிருந்தார்கள். அதாவது, பிரிட்டனில் நடக்கப்போவதற்கு ஐந்து மாதம் முன்பே அதே வைரஸ், அதே வழியில், வேறொரு நாட்டில் ஒத்திகை பார்த்துவிட்டது. இதைப் படித்துவிட்டு உள்ளூர்க் கழனிப் பண்ணைகளை ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள் என்று லண்டனிலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 24: உரிமம் புதுப்பித்தல்

பண்ணை இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லண்ட் மாவட்டத்தில், நியூகாசில் நகருக்கு மேற்கே இருந்தது. கழனியைக் கொதிக்க வைக்க அந்தப் பண்ணைக்கு உரிமம் இல்லை. பக்கத்தில் உரிமம் உள்ள வேறொருவர் கொதிக்க வைத்துத் தரும் கழனியை வாங்கிப் போடத்தான் உரிமம். பண்ணையின் நிலை பற்றி 2000 இறுதியில் ஒரு புகாரும் போயிருந்தது.

ஜனவரி 24 அன்று அரசு கால்நடை மருத்துவர் உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகப் போனார். பன்றிகளைப் பார்த்தார், நோய் அறிகுறி எதுவும் தென்படவில்லை. உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

அவர் கண்ணில் நோய் படாதது குற்றமில்லை. வைரஸ் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதல் சில நாட்களிலோ அங்கே வந்திருக்கலாம் என்பதுதான் பின்னால் போட்ட கணக்கு. அவர் போன அன்று பன்றிகள் நிஜமாகவே நலமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உரிம ஆய்வு என்பது நோயைத் தேடும் ஆய்வு அல்ல, தீனியைத் தேடும் ஆய்வு. தொட்டியில் கிடப்பது கொதித்ததா, பச்சையா? பச்சைக் கழனி இந்த வளாகத்துக்குள் எந்த வழியாகவாவது வருகிறதா? புதுப்பிக்கும் முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் இந்த இரண்டும்தான்.

கொதித்த கழனியையும் கொதிக்காத கழனியையும் கண்ணால் பிரிப்பது லேசில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் பழுப்பு நிறக் கூழ். இரண்டிலும் ரொட்டித் துண்டும் உருளைக்கிழங்கும் மிதக்கும். கொதி அண்டா இருக்கும் இடத்தில் வெப்பமானி உண்டு, பதிவேடு உண்டு. தொட்டி இருக்கும் இடத்தில் எதுவும் இல்லை. அண்டாவும் தொட்டியும் வேறு வேறு ஆள் கையில் இருந்துவிட்டால், அண்டாவைத் தாண்டி நேராகத் தொட்டிக்கு வரும் வாளியை எந்தப் பதிவேடும் பிடிக்காது. ஆட்களை அதிகம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அமைப்பிலேயே இருந்த ஓட்டை இது.

ஆனால் அந்த மருத்துவர் தன்னை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. தன்னுடைய ஆய்வு இன்னும் கறாராக இருந்திருந்தால், உரிமத்தைப் புதுப்பிக்காமலோ தீனி போடும் முறையை அடியோடு மாற்றச் சொல்லியோ இருந்திருந்தால், இந்தக் கொள்ளைநோய் வந்தே இருக்காது என்ற பொருள்பட அவரே பின்னாளில் ஒரு குறிப்பு எழுதினார். கோப்புகளில் இப்படி ஒரு வாக்குமூலம் அபூர்வம்.

பிப்ரவரி 19: எஸெக்ஸ் இறைச்சிக்கூடம்

திங்கள்கிழமை. எஸெக்ஸ் மாவட்டத்தில் பிரென்ட்வுட் அருகே ஓர் இறைச்சிக்கூடம். அறுப்பதற்கு முன் உயிரோடு இருக்கும் விலங்குகளைப் பார்ப்பது அங்கே பணியிலிருக்கும் மருத்துவரின் அன்றாட வேலை. கொட்டிலில் அடைத்திருந்த பன்றிகள் சிலவற்றுக்குக் கொப்புளம் இருப்பதை அவர் கவனித்தார்.

பன்றிக்குக் கோமாரி வந்தால் மாட்டைப் போல வாயில் நுரை தள்ளி நிற்காது. பன்றிக்குக் காலில்தான் வலி. குளம்பும் தோலும் சேரும் விளிம்பு முதலில் வெளுத்து உப்பும், பிறகு கொப்புளம் கட்டி உடையும். நிற்கப் பிடிக்காமல் படுத்தே கிடக்கும். எழுப்பினால் முட்டி போட்டபடி நகரும், அல்லது நுனிக்காலில் தள்ளாடும். மூஞ்சியின் மேல்விளிம்பிலும் கொப்புளம் வரும், ஆனால் மண்ணைக் கிளறும் மூஞ்சியில் சிறு காயம் எப்போதும் இருக்கும் என்பதால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். நீண்ட பயணம் வந்த பன்றி நொண்டினால் லாரியில் இடிபட்டிருக்கும் என்று நினைத்து விடுவதுதான் வழக்கம்.

அவர் அப்படி விடவில்லை. வேலையை நிறுத்தச் சொன்னார், அரசுக்குத் தகவல் கொடுத்தார். மாதிரிகள் சரே மாவட்டத்தில் இருக்கும் பெர்பிரைட் ஆய்வகத்துக்குப் போயின. பிப்ரவரி 20 மாலை முடிவு வந்தது. கோமாரி.

இருபது ஆண்டுகளாக அந்த நாட்டில் யாரும் நேரில் பார்க்காத நோயை, வேறொன்றாக நினைத்து ஒதுக்க எல்லா வசதியும் இருந்த ஒரு காலைநேரத்தில் அவர் சந்தேகப்பட்டார். இந்த முழு நிகழ்விலும் விதி எழுதியபடி வேலை செய்த இடம் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான்.

பின்னோக்கித் தேடிய மூன்று நாள்

நோய் தெரிந்த பன்றிகள் பக்கிங்ஹம்ஷயரிலிருந்தும் வைட் தீவிலிருந்தும் வந்தவை. அந்தப் பண்ணைகளுக்கு ஓடினார்கள். அங்கே நோய் இல்லை. அப்படியானால் இந்தப் பன்றிகள் நோயைக் கொண்டுவரவில்லை, இறைச்சிக்கூடத்துக் கொட்டிலில்தான் வாங்கிக்கொண்டிருக்கின்றன. யாரிடமிருந்து? முந்தைய நாட்களில் பன்றி அனுப்பிய பண்ணைகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகப் போனார்கள். அந்தப் பட்டியலில் சுமார் 450 கிலோமீட்டர் வடக்கே இருந்த நார்தம்பர்லண்ட் பண்ணையும் ஒன்று. பிப்ரவரி 22-ல் மருத்துவர்கள் அங்கே போனார்கள். 23-ல் நோய் உறுதியானது.

இதற்கிடையே 21-ஆம் தேதியே பிரிட்டனிலிருந்து உயிர்க்கால்நடை, இறைச்சி, பால் எல்லாவற்றின் ஏற்றுமதியும் நின்றுபோனது. ஆனால் உள்நாட்டுச் சந்தைகள் அன்றும் மறுநாளும் வழக்கம்போல நடந்தன.

புண்ணின் வயது

பண்ணையில் கண்டது புதுக் கொப்புளம் அல்ல, பழைய புண்கள்.

கோமாரிப் புண்ணின் வயதைக் கணிப்பது அனுபவம் உள்ள மருத்துவருக்குப் பழகிய வேலை. முதல் நாள் முழுக் கொப்புளம். இரண்டாம் நாள் உடைந்து, ஓரத்தில் தோல் கந்தலாகத் தொங்கும். மூன்றாம் நாள் விளிம்பின் கூர்மை மங்கும். நான்காம் நாள் வாக்கில் புண்ணின் மேல் வெளிறிய படலம் படியும். ஒரு வாரத்தில் தழும்பு ஏறத் தொடங்கும். அதற்குப் பிறகு வாயைப் பார்த்துப் பயனில்லை, காலைப் பார்க்க வேண்டும். விளிம்பில் பிரிந்த இடத்துக்குக் கீழே பழைய குளம்பு இருக்கும், மேலே புதுக் குளம்பு வளர்ந்து இறங்கும். நடுவில் விழும் கோடு எவ்வளவு கீழே போயிருக்கிறதோ அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இந்தப் பண்ணையின் மிகப் பழைய புண்களுக்கு 12 நாளாவது ஆகியிருக்கும் என்று கணித்தார்கள். அத்தனை நாளும் ஒரு தொலைபேசி அழைப்பு போகவில்லை. பன்றிகள் மட்டும் இறைச்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஏன் சொல்லவில்லை? அந்த நாட்டுச் சட்டப்படி கோமாரிக்காகக் கொல்லப்படும் விலங்குக்கு, நோய் வருவதற்கு முன் இருந்த மதிப்பில் இழப்பீடு உண்டு. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் சொல்லியிருந்தால் நட்டமில்லை. என் ஊகம் இது: நோயைச் சொன்னால் தீனியைப் பார்க்க வருவார்கள். நோய் வருவது குற்றமில்லை, கொதிக்காத கழனி குற்றம். இரண்டும் ஒரே தொட்டியில் கிடந்தால் வாய் திறக்காது. பண்ணைக்காரர் தரப்பு இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கொதிக்காத கழனி போடவே இல்லை, தன்னைப் பலிகடா ஆக்குகிறார்கள் என்பதுதான் கடைசி வரை அவர் சொன்னது.

பன்றியிலிருந்து செம்மறிக்கு

பன்றிகள் மூச்சில் விட்ட வைரஸை பிப்ரவரிக் காற்று சில கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனது. அங்கே பொன்ட்லண்ட் பக்கம் ஒரு பண்ணையில் மாடும் செம்மறியும் இருந்தன. பிப்ரவரி 13-ல் அந்தச் செம்மறிகளில் சில ஹெக்ஸம் சந்தைக்குப் போயின. வாங்கிய வியாபாரிகள் சிலர் 15-ஆம் தேதி லாங்டவுன் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். ஸ்காட்லாந்து எல்லையோரம் இருக்கும் லாங்டவுன், அந்த நாட்டின் பெரிய செம்மறிச் சந்தைகளில் ஒன்று. அங்கிருந்து டெவன் வரை, டம்ஃப்ரிஸ் வரை, வேல்ஸ் வரை லாரிகள் போயின. சந்தைக்கு வெளியே கைமாறிய ஆடுகளுக்குக் கணக்கே இல்லை.

செம்மறிக்குக் கோமாரி வந்தால் பெரும்பாலும் லேசாகத்தான் தெரியும். இரண்டு நாள் நொண்டும், சரியாகிவிடும். ஆகவே யாரும் கவனிக்கவில்லை. எஸெக்ஸில் முதல் நோய் உறுதியான நேரத்துக்குள் குறைந்தது 57 பண்ணைகளுக்கு நோய் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு கணக்கிட்டார்கள்.

பன்றிக்கு 21 நாள் தடை போட்டு வைத்திருந்தார்கள். நோயோ பன்றியைவிட்டு இறங்கி, எந்தத் தடையும் இல்லாத செம்மறி மேல் ஏறிப் போய்விட்டது. கொள்ளைநோய் முடிந்தபோது பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி செம்மறி, மாட்டுப் பண்ணைகள். பன்றிப் பண்ணைகள் மிகச் சில.

எடுத்த முடிவுகள்

முதல் பெரிய முடிவு பிப்ரவரி 23 மாலை 5 மணிக்கு வந்தது: நாடு முழுக்கக் கால்நடை எதுவும் நகரக் கூடாது. இருபதாம் தேதியே ஏன் போடவில்லை? அன்று கையில் இருந்தது ஓர் இறைச்சிக்கூடம், அதை ஒட்டிய ஒன்றிரண்டு இடங்கள். நோயின் ஊற்று எது என்று தெரியாது. முழு நாட்டையும் நிறுத்துவது அளவுக்கு மீறியதாகத் தோன்றியிருக்கும். நோய் பரவியதைக் கணித்துப் பிறகு போட்ட மாதிரிக் கணக்குகள் வேறு சொல்லின: மூன்று நாள் முன்னால் நிறுத்தியிருந்தால் கொள்ளைநோய் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்திருக்கும்.

இரண்டாவது முடிவு கொல்வது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு ஐம்பது பண்ணை வரை புதிதாக விழத் தொடங்கியதும், பாதித்த பண்ணையில் 24 மணி நேரத்துக்குள், ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள் கொன்றாக வேண்டும் என்றார்கள். ராணுவம் வந்தது. கம்ப்ரியாவில் கிரேட் ஆர்ட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் மட்டும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட உடல்களைப் புதைத்தார்கள். நோயே இல்லாத ஒட்டிய பண்ணைகளின் கால்நடைகளைக் கொன்றது சரியா, தடுப்பூசி போட்டிருக்கலாமா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. அது தனி ஆய்வு, இங்கே விடுகிறேன்.

மூன்றாவதுதான் நம் பொருள். மார்ச் 27-ல் வேளாண் அமைச்சர் கழனித்தீனியை முற்றாகத் தடை செய்யும் யோசனையை முன்வைத்தார். மே 24 முதல் தடை அமலுக்கு வந்தது. கொதித்த கழனி, கொதிக்காத கழனி என்ற பேச்சே இல்லை, சமையலறை மிச்சம் பன்றிக்குக் கிடையாது. காரணம் எளிமையானது: கொதித்ததா இல்லையா என்று தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் கழனி இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவான பன்றிகளுக்காக நாட்டின் மொத்தக் கால்நடையையும் பணயம் வைப்பது நியாயமில்லை என்ற வாதத்துக்கு அந்த வசந்தத்தில் எதிர்வாதம் எடுபடவில்லை. சட்டப்படி ஒழுங்காக அண்டா வைத்துக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவர்களின் தொழிலும் அதோடு போனது. அவர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியமும் 2002-ல் 1774-ஆம் எண் ஒழுங்குமுறையில் இதே தடையை எழுதிக்கொண்டது. 2003 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பிறகு நடந்தது

கடைசி நோய் 2001 செப்டம்பர் 30-ல் கம்ப்ரியாவில் உறுதியானது. பிரிட்டனில் மொத்தம் 2,026 பண்ணைகள். அரசுச் செலவு 300 கோடி பவுண்டுக்கு மேல், தனியார் இழப்பு 500 கோடி பவுண்டுக்கு மேல் என்று அரசுத் தணிக்கை மதிப்பிட்டது. இழப்பில் பெரும் பங்கு சுற்றுலாவுக்கு. நடைபாதைகளை மூடியதால் கிராமத்துப் பக்கம் யாரும் வரவில்லை. மே 3-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஜூன் 7-க்குத் தள்ளிப்போனது, பொதுத்தேர்தலும் அன்றே நடந்தது. தேர்தல் முடிந்ததும் வேளாண் அமைச்சகத்தையே கலைத்து வேறு துறையோடு சேர்த்தார்கள்.

வைரஸ் எந்த இறைச்சியில் வந்தது என்பது நிரூபிக்கப்படவே இல்லை. சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்த இறைச்சியாக இருக்க வேண்டும் என்பதோடு விசாரணை நின்றது. நடுவில் சீன உணவகங்கள்தான் காரணம் என்று பத்திரிகைகளில் ஒரு வதந்தி கிளம்பி, வியாபாரம் விழுந்து, சீன சமூகத்தினர் லண்டனில் போராட்டம் நடத்தினார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அமைச்சரே அவர்களிடம் வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

பண்ணைக்காரர் மீதான வழக்கில் 2002 மே மாதம் தீர்ப்பு வந்தது. நோயை அறிவிக்காதது, பதப்படுத்தாத கழனி போட்டது, பன்றிகளை வதைபட விட்டது உட்பட 9 குற்றச்சாட்டுகள் உறுதியாயின. மூன்று மாதம் மின்னணுப் பட்டையோடு ஊரடங்கு, 10,000 பவுண்டு வழக்குச் செலவு, 15 ஆண்டு பண்ணை விலங்கு வளர்க்கத் தடை. 800 கோடி பவுண்டு நட்டத்துக்கு இவ்வளவுதானா என்று கொதித்தவர்கள் உண்டு. ஆனால் நீதிமன்றம் அளந்தது அவர் செய்ததை, நடந்ததை அல்ல.

எதை மாற்றலாம்

அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை 2002 ஜூலையில் வந்தது. நகர்வுத் தடை, திட்டமிடல், தகவல் தொடர்பு பற்றியெல்லாம் அதில் நிறைய உண்டு. புதிய பிராணி வந்தால் வெளியே அனுப்பக் காத்திருக்க வேண்டும் என்ற விதி பிறகு செம்மறிக்கும் மாட்டுக்கும் வந்தது, பன்றிக்கு 20 நாள், மற்றவற்றுக்கு 6 நாள் என்று நிலைத்தது. பன்றிக்கு மட்டும் பூட்டுப் போட்ட பழைய பிழை அதில் சரியானது.

கழனித் தடை பற்றி எனக்கு இரண்டு மனசு. தடையால் கண்காணிப்பது சுலபமானது, அது உண்மை. ஆனால் மிச்சமாகும் சோறு மறைந்துவிடவில்லை, குப்பைமேட்டுக்குப் போகிறது. ஜப்பான் இன்றும் சூடாக்கிய உணவு மிச்சத்தைப் பன்றித்தீனியாக்க அனுமதிக்கிறது. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரை மணி நேரக் கொதி, அதற்கு மேல் எத்தனை கறார் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அனுமதி வேண்டும் என்றால் கொதிக்க வைக்கும் இடத்தைப் பன்றி வளர்க்கும் இடத்திலிருந்து முழுக்கப் பிரித்து, பச்சைக் கழனி எந்தப் பண்ணை வாசலுக்கும் வராதபடி செய்ய வேண்டும். நார்தம்பர்லண்டில் காகிதத்தில் அந்தப் பிரிவு இருந்தது. ஓட்டல் பின்வாசலில் யார் வாளியை எடுத்துப் போகிறார் என்று பார்க்க ஆளில்லை. மிச்சத்தைக் கொடுக்கும் ஓட்டலையும் உரிமத்துக்குள் இழுத்திருந்தால், யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்க ஓர் இடம் இருந்திருக்கும்.

நம் ஊருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஓட்டல் மிச்சத்தையும் கறிக்கடைக் கழிவையும் நம்பி ஓடும் பன்றிப் பண்ணைகள் இங்கே ஏராளம். 2020-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் பன்றியிறைச்சி மிச்சம் கலந்த கழனி பிடித்த வழி, அதற்கு நம்மிடம் பண்ணைக்குப் போடும் தடுப்பூசி இல்லை. 2009-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி அட்டவணையில் உள்ள கால்நடை நோயை உரிமையாளர் அறிவித்தாக வேண்டும். அந்தப் பிரிவு மட்டும் போதுமா என்பதற்குத்தான் மேலே இவ்வளவு எழுதியது. அறிவிப்பவரிடம் முதல் நாளே தீனியைப் பற்றிக் குறுக்கு விசாரணை நடத்தினால் அடுத்த பண்ணைக்காரர் அறிவிக்க மாட்டார். நோய்த் தகவலுக்கு ஒரு கதவு, தீனிக் குற்றத்துக்கு வேறு கதவு என்று வைப்பதே நல்லது.

ஆய்வுக்குப் போகும் மருத்துவருக்கு: முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பகல் பதினொரு மணிக்குப் போனால் கழுவிய தொட்டியும் நலமான பன்றியும்தான் தெரியும். சொல்லாமல், தீனி வைக்கும் நேரத்துக்குப் போக வேண்டும். வண்டியிலிருந்து வாளி இறங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். வாளி எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதே நாளில் அந்த இடத்துக்கும் போய் அண்டாவின் பதிவேட்டில் அன்றைய தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் கையை விட்டு எலும்பு தட்டுப்படுகிறதா என்று துழாவ வேண்டும். தட்டுப்பட்டால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் திரும்பி வர வேண்டும்.